ஒரே அறை, 34 பிள்ளைகள், இரண்டு வாளி: தொடக்கப் பள்ளியில் ஓவிய வகுப்பு

கேள்வி இதுதான்: திருவாரூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்பு மூன்றும் ஒரே அறையில், மொத்தம் 34 பிள்ளைகள். ஓவிய ஆசிரியர் இல்லை, தனி அறையும் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், 40 நிமிடம். வாட்டர் கலர் எடுத்தால் தண்ணீர் கொட்டுகிறது, யூனிஃபார்ம் பாழாகிறது, பாதிப் பேர் முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

முதலில் அந்தக் கடைசிப் பீரியடை மாற்றுங்கள் டீச்சர். பென்சில், கிரேயான், கிழித்து ஒட்டுவது எல்லாம் கடைசிப் பீரியடில் செய்யலாம். ஈர வண்ணம் மட்டும் ஆகாது. ஈரப் படத்தைப் பையில் வைத்து அனுப்பவும் முடியாது, அறையில் பரப்பிவிட்டுப் பூட்டவும் முடியாது. வண்ணம் எடுக்கும் வாரத்தில் மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடோடு மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பிடுவதற்கு முன் எப்படியும் கை கழுவப் போகிறார்கள், அன்றைக்குச் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவட்டும். அவர்கள் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் படமும் கையில் எடுக்கிற அளவுக்குக் காய்ந்திருக்கும்.

40 நிமிடத்தில் படம் போடக் கிடைப்பது 20 நிமிடம்தான். உட்கார்ந்து பொருள் கொடுக்க 5, செய்துகாட்ட 5, கழுவித் துடைத்துக் காயவைக்க 10. பெரும்பாலான வகுப்புகள் கெடுவது இந்தக் கடைசிப் பத்தில்தான். 34 பேரை ஒரே குழாய்க்கு அனுப்பினால், தலைக்கு அரை நிமிடம் என்றாலும் 17 நிமிடம் போய்விடும், அதற்குள் குழாயடியில் சண்டையும் வந்துவிடும். குழாய்க்கே அனுப்பாதீர்கள். தாழ்வாரத்தில் இரண்டு வாளி வையுங்கள். முதல் வாளியில் அழுக்கைக் கழுவ வேண்டும், இரண்டாவதில் அலச வேண்டும், பக்கத்தில் கொடியில் தொங்கும் பழைய துண்டில் துடைக்க வேண்டும். குழுக் குழுவாக அனுப்பினால் ஆறு நிமிடத்தில் முடியும். சாப்பாட்டுக்கு முன் சோப்புக் கழுவல் குழாயில் நடக்கட்டும், அது உங்கள் 40 நிமிடத்துக்குள் வராது.

உட்காருவது தரையில்தான் நல்லது. சாய்வு டெஸ்க்கில் வண்ண மூடி நிற்காது. 34 பேரை ஆறு வட்டமாகப் பிரியுங்கள், நான்கு வட்டத்தில் ஆறு பேர், இரண்டில் ஐந்து பேர். வகுப்புவாரியாகப் பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு வட்டத்திலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் பொறுப்பு. பொருளை வாங்க எழுந்து வருவதும் திருப்பித் தருவதும் அவர் மட்டும்தான். எழுந்து நடக்கும் கால்கள் 68-லிருந்து 12 ஆகக் குறைந்தாலே பாதிக் கொட்டல் நின்றுவிடும். கீழே விரிக்க அரிசிச் சாக்கு போதும். இந்தப் பக்கம் எல்லார் வீட்டிலும் யூரியாச் சாக்குத்தான் கைக்குக் கிடைக்கும், அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரம் தையலிடுக்கில் தங்கியிருக்கும், பிள்ளைகள் அதே கையோடு சாப்பிடப் போவார்கள். யூனிஃபார்முக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் பின்பக்கம் பட்டன் வரும்படி மாட்டிக் கையை மடித்துவிட்டால் ஏப்ரன் ஆயிற்று.

இனித் தண்ணீர். வண்ணம் என்றாலே தண்ணீர்க் கிண்ணம் வேண்டும் என்றில்லை. முதல் இரண்டு மூன்று மாதம் தண்ணீரே கொடுக்காமல் ஓட்டலாம். பிரஷ்ஷைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் நிறத்துக்குக் கொடுங்கள். ஒரு பாக்குமட்டைத் தட்டில் ஆறு பாட்டில் மூடியைக் களிமண் உருண்டையில் அழுத்தி உட்கார வையுங்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை நான்கும் அப்படியே, பச்சையும் பழுப்பும் நீங்களே கலந்து வைத்தவை. ஒவ்வொரு மூடிக்கும் ஒரு பிரஷ், அது அந்த நிறத்தை விட்டு வேறெங்கும் போகாது. மஞ்சள் வேண்டுமென்றால் மஞ்சள் பிரஷ்ஷை எடுத்துத் தீட்டிவிட்டுத் தட்டின் விளிம்பில் வைத்துவிட வேண்டும். கழுவும் வேலை இல்லாததால் கொட்டுவதற்கும் ஒன்றுமில்லை, நிறமும் சேறாகாது. ஆறு வட்டத்துக்கு 36 பிரஷ், 6 அல்லது 8-ஆம் எண் போதும். மெல்லிய 2-ஆம் எண்ணைக் கொடுத்தால் ஒரு வானத்தை நிரப்புவதற்கே 20 நிமிடமும் போய்விடும். ஒரு மூடி சுமார் 5 மில்லி பிடிக்கும், ஆக ஒரு வகுப்புக்கு நிறத்துக்கு 30 மில்லி. சின்னஞ்சிறு பாட்டில் கொண்ட பெட்டிகளாக வாங்கினால் கட்டுபடியாகாது, பெரிய பாட்டிலில் போஸ்டர் கலராக வாங்குங்கள்.

பிறகு தண்ணீர் கொடுக்கும் கட்டம் வரும்போது வட்டத்துக்கு இரண்டு கிண்ணம், ஒன்று கழுவ, ஒன்று அலச. அரை லிட்டர் பாட்டிலை நான்கு விரல் உயரத்தில் வெட்டி, வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டி, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். கொட்டாங்கச்சி இங்கே தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அடி உருண்டை. வைக்கோலைப் பிரியாகத் திரித்துச் சின்னப் பிரிமணை செய்து அதன்மேல் வைத்தால் அசையாது. பிரிமணை திரிப்பதே ஒரு பீரியட் வேலை, பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லலாம். பக்கத்தில் கந்தல் துணி கட்டாயம் இருக்க வேண்டும். பிள்ளைகள் பிரஷ்ஷைக் கழுவுவார்கள், துடைக்க மாட்டார்கள். அந்தச் சொட்டும் தண்ணீர்தான் வண்ணத்தை நீர்க்கச் செய்து படத்தில் ஓடுகிறது. பிரஷ்ஷைக் கிண்ணத்திலேயே நிறுத்திவைத்தால் இரண்டு வாரத்தில் முடி வளைந்துவிடும், படுக்க வைத்துக் காயவையுங்கள்.

நிறம் கலப்பதில் அடிக்கடி நேரும் ஒரு ஏமாற்றம். சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா என்று பாடத்தில் சொல்லிவிட்டுக் கலந்து பார்த்தால் செங்கல் பழுப்பு வரும். பிள்ளைகள் நம் முகத்தைப் பார்ப்பார்கள். பெட்டியில் இருப்பது பெரும்பாலும் வெர்மிலியன் அல்லது ஸ்கார்லெட், அதாவது உள்ளேயே மஞ்சள் சாயல் உள்ள சிவப்பு. மஞ்சள் சேர்ந்தால் ஊதா செத்துவிடும். கிரிம்சன் என்று எழுதிய சிவப்பு ஒரு பாட்டில் தனியாக வாங்குங்கள். பச்சைக்கு மஞ்சளில் நீலத்தைச் சேர்க்க வேண்டும், நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கக் கூடாது. ஒரு ஸ்பூன் மஞ்சளுக்குப் பிரஷ் நுனி நீலமே நாற்றுப் பச்சை தந்துவிடும். தலைகீழாகப் போனால் மஞ்சள் பாட்டில் காலியான பிறகும் பச்சை கறுப்பாகவே நிற்கும். முதல் பருவம் முழுக்கக் கறுப்பை வெளியே எடுக்காதீர்கள். கறுப்பு கையில் இருந்தால் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் எல்லைக்கோடு போடுவார்கள், அது பக்கத்து நிறத்தில் கலந்து படமே புகையடித்தது போலாகும்.

தாள் பற்றிச் சுருக்கமாக. ஜெராக்ஸ் தாள் ஈரத்தில் சுருண்டுவிடும். சார்ட் தாள் 22-க்கு 28 அங்குலம், மூன்று தடவை பாதிப் பாதியாக மடித்து வெட்டினால் 7-க்கு 11 அங்குலத்தில் எட்டுத் துண்டு. ஐந்து சார்ட் வாங்கினால் 34 பேருக்கும் போக ஆறு துண்டு மிஞ்சும், கிழிப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். மாதக் காலண்டரின் பின்பக்கம் கிரேயானுக்கு நல்லது. வழவழப்பான முன்பக்கத்தில் வண்ணம் நிற்காது, காய்ந்ததும் செதிலாக உதிரும். எந்தத் தாளானாலும் முதலில் பின்னால் பென்சிலால் பெயர், வகுப்பு, தேதி. இதை முடிக்காதவருக்கு வண்ணம் கிடையாது. முடிந்த பிறகு எழுதச் சொன்னால் ஈரத்தைத் திருப்பிப் போட்டுத் தேய்த்துவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் பாடமாக அச்சு வையுங்கள். வரைய வராது என்று பின்வாங்கும் பிள்ளைகூட முதல் நாளே ஒரு படத்தோடு வெளியே போகும். வாழை மட்டையைத் தேர்ந்தெடுங்கள், தண்டை வேண்டாம். தண்டின் குறுக்குவெட்டு வெறும் வட்டம். மட்டையின் குறுக்குவெட்டில் படகு போல் வளைந்த வடிவத்துக்குள் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். நான்கு பதித்தால் தாமரை, வரிசையாகப் பதித்தால் மீன் செதில், அடுக்கினால் ஓட்டுக்கூரை. பிடிக்க வசதியாக நான்கு விரல் நீளத் துண்டு, கூரான கத்தியால் ஒரே வெட்டில் நீங்களே வெட்ட வேண்டும். அறுத்து அறுத்து வெட்டினால் கட்டங்கள் நசுங்கி அச்சில் குழம்பும். முந்தின நாள் சாயங்காலமே வெட்டித் தண்ணீரில் போட்டு, காலையில் எடுத்து நன்றாகத் துடைத்துவிடுங்கள். போஸ்டர் கலர் உடனே சோப்புப் போட்டால் சட்டையை விட்டுப் போய்விடும், வாழைக் கறை போகாது. மறுநாள் வாசலில் நிற்கும் அம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வண்ணத்தைப் பிரஷ்ஷால் மட்டையில் தடவ வேண்டாம். ஒரு தட்டில் பழைய பருத்தித் துணியை நான்காக மடித்து வைத்து, மூன்று ஸ்பூன் போஸ்டர் கலருக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் கலந்து பரப்பினால் மைப்பஞ்சு தயார். தண்ணீர் கூடினால் கட்டங்களுக்குள் வண்ணம் நிரம்பி வெறும் திட்டாக விழும். தோய்த்ததை முதலில் செய்தித்தாளில் ஒரு முறை ஒற்றிவிட்டுப் பிறகு படத்தில் பதிக்க வேண்டும். தாளுக்கு அடியில் மடித்த செய்தித்தாள் மெத்தையாக இருக்கட்டும். சிமெண்ட் தரையில் நேரே பதித்தால் ஓரம் விழும், நடு விழாது. வெண்டைக்காய் என்றால் முற்றல்தான் வேண்டும், பிஞ்சு இரண்டே அழுத்தில் கொழகொழத்துவிடும். சமைக்க முடியாமல் கழித்துப்போட்ட முற்றல் காய்க்கு இங்கே நல்ல வேலை.

களிமண்ணை விட்டுவிடாதீர்கள். டெல்டாவில் ஓவிய வகுப்புக்குக் கடவுள் கொடுத்த பொருள் அது. சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுவது காவிரி வண்டல் மண்தான். மெழுகில் இருக்கும் நுண்ணிய கோட்டையும் அது அப்படியே படியெடுத்துக்கொள்ளும். ஆனால் வயல் களிமண்ணை வெட்டி எடுத்துவந்து நேரே கையில் கொடுத்தால் இரண்டே நாளில் எல்லாம் வெடிக்கும். நம் களி தண்ணீரை நிறையக் குடிக்கும், காயும்போது அதே அளவு சுருங்கும். கோடையில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதும் இதனால்தான். பிள்ளை செய்த யானைக்குக் கால் கழன்று விழுவதும் அதே காரணம்.

தலைக்கு ஓர் ஆரஞ்சு அளவு, ஏறக்குறைய 200 கிராம் வேண்டும். 34 பேருக்கு 7 கிலோ, சேதாரத்தோடு 10 கிலோ. குளம் வற்றியிருக்கும்போது எடுத்த மண்ணை முழுக்கக் காயவிட்டு எலுமிச்சை அளவுக்கு உடைத்து வாளியில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு கிளறாமல் விடுங்கள். எலும்பாகக் காய்ந்த கட்டி தண்ணீரில் தானே பொலபொலவென்று உதிரும். பாதி ஈரக் கட்டி மூன்று நாளானாலும் கட்டியாகவே கிடக்கும், பலர் சலித்து விட்டுவிடுவது இங்கேதான். மறுநாள் கிளறிப் பழைய கொசுவலைத் துணியில் வடிகட்டினால் நத்தை ஓடு, முள், கண்ணாடிச் சில்லு எல்லாம் நின்றுவிடும். ஒரு நாள் தெளியவிட்டு மேல் தண்ணீரை இறுத்து, அடிக்கூழைச் செங்கல் பரப்பின் மேல் விரித்த பழைய வேட்டியில் ஊற்றினால், வெயிலைப் பொறுத்து ஒன்றிரண்டு நாளில் சப்பாத்தி மாவுப் பதம் வரும். ஐந்து பங்கு களிக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்துப் பிசையுங்கள். விரல் தடிமனில் திரித்து மோதிரம் போல வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்து, உள்ளங்கையிலும் ஒட்டாவிட்டால் சரி. இவ்வளவுக்கு நேரமில்லையென்றால் பக்கத்தில் பானை வனைபவர் வீட்டில் மிதித்த மண் ஒரு கூடை கேட்டு வாங்குவதே உத்தமம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது மூன்றுதான். எந்த இடமும் கட்டைவிரல் தடிமனைத் தாண்டக் கூடாது. ஒட்டும் இரண்டு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் கீறி, மண்கூழ் தடவி, அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டியது காய்ந்ததும் கழலும். வெயிலில் வைக்கக் கூடாது, நிழலில் செய்தித்தாள் மேல் வைத்துக் காயவிட வேண்டும். தாள் இருந்தால் மண் சுருங்கும்போது தரையைப் பிடித்துக்கொள்ளாமல் நகரும். ஆவணியில் பிள்ளையார் செய்யச் சொன்னால் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கண்ணுக்குக் குன்றிமணி மட்டும் வேண்டாம். அது விஷ விதை, கடித்து உடைத்து விழுங்கினால் ஆபத்து. மிளகு போதும். கைகழுவிய மண் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். மரத்தடியில் ஊற்றுங்கள்.

மண் பழகியதும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் சூட்சுமத்தை ஒரு பீரியடில் காட்டிவிடலாம். தள்ளினால் விழாமல் நிமிரும் ராஜா ராணி பொம்மையைச் சொல்கிறேன். எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டையைப் பாதியாக அறுத்து, தட்டையான பக்கத்தின் மேல் கால் தாளில் சுருட்டிய கூம்பை ஒட்டுங்கள். அடி கனம், மேலே லேசு, அவ்வளவுதான். நிமிராமல் படுத்துவிட்டால் கூம்பு அதிக உயரம் அல்லது பசை அதிகம். ஆடாமல் சாய்ந்தபடியே நின்றால், உருண்டைப் பக்கம் தரையில் படக் காயவைத்திருக்கிறார்கள், அடி சப்பையாகிவிட்டது. காயவைக்கும்போது தட்டைப் பக்கம் கீழே இருக்க வேண்டும்.

இப்போது எல்லாருக்கும் தெரிந்த அந்தப் படத்துக்கு வருவோம். ‘இயற்கைக் காட்சி வரையுங்கள்’ என்று சொன்னவுடன் இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை. திருத்துறைப்பூண்டியிலும் நாகப்பட்டினத்திலும் உள்ள பிள்ளைகள் மலையை எங்கே பார்த்தார்கள்? கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை நிலம். யாரோ கரும்பலகையில் போட்டது, அக்கா நோட்டில் இருந்தது, தம்பி நோட்டுக்கு வந்தது. அதைத் தப்பு என்று சொல்லிப் பயனில்லை, கரும்பலகையில் நீங்கள் மாதிரி போடுவதை நிறுத்துங்கள். போட்டால் 34 பேரும் அதைத்தான் போடுவார்கள், உங்கள் கோணல் உட்பட. தலைப்பைச் சின்னதாகக் கொடுத்துக் கேள்வி கேளுங்கள். ‘கொக்கு’ என்றால்: நிற்கும்போது எத்தனை கால் தெரிகிறது? முட்டி எந்தப் பக்கம் மடங்குகிறது? கழுத்து பறக்கும்போதும் நீட்டித்தான் இருக்கிறதா? அடுத்த வாரம் ஐந்து பேராவது பார்த்துவிட்டு வந்து சண்டை போடுவார்கள். மதகு, நாற்றுக் கட்டு, வைக்கோல் போர், கதிர் அறுக்கும் இயந்திரம், கோயில் தேரில் தொங்கும் துணித் தொம்பை, இப்படி ஒவ்வொன்றும் ஒரு வாரம். பிள்ளையின் தாளில் உங்கள் கை படவே கூடாது. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சிலேட்டில் போட்டுக் காட்டி அழித்துவிடுங்கள்.

மழைக்காலத்துக்குத் தனித் திட்டம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வண்ணம் ஒரு நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும், அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டு மாதமும் கிரேயானும் கிழித்து ஒட்டுவதும்தான். கத்தரி 34 வேண்டியதில்லை, விரலால் கிழிப்பதே நல்ல பயிற்சி. செய்தித்தாள் ஒரு திசையில் நேராகவும் மறு திசையில் கோணலாகவும் கிழியும், காரணம் நார் ஓடும் திசை. முதல் ஐந்து நிமிடம் இதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நேர்க் கிழிசல் தென்னை மரத்துக்கு, கோணல் கிழிசல் மேகத்துக்கு. பசைக்கு ஒரு டம்ளர் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடிப் பதம் வரும்வரை கிளறி ஆறவிட வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. கெடாமல் இருக்க மயில்துத்தம் போடச் சொல்வார்கள். அது சுவரொட்டி ஒட்டுபவர்களுக்கு, பிள்ளைகள் விரலால் தொடும் பசையில் அந்த நஞ்சு சேரக் கூடாது.

மார்கழியில் கோலம். சிமெண்ட் தரையும் சாக்பீஸும் போதும். கலர் கோலப்பொடி வேண்டாம், தூசி மூக்கில் ஏறும், சாயமும் என்னவென்று தெரியாது. மூன்றாம் வகுப்புக்கு 5-க்கு 5 நேர்ப்புள்ளி, நான்காம் வகுப்புக்கு 7 புள்ளி இடைப்புள்ளி 4, ஐந்தாம் வகுப்புக்குச் சிக்குக் கோலம். பையன்களைத் தள்ளி உட்கார வைக்காதீர்கள்.

ஐந்தே நிமிடத்தில் ‘முடிச்சுட்டேன் டீச்சர்’ என்று வருபவருக்கு ‘நல்லா இருக்கு’ என்று சொன்னால் அவர் வேலை அங்கேயே முடிந்தது. ‘வீட்டுக்குப் பின்னால என்ன இருக்கு? யார் நிற்கிறாங்க?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது தடவையும் வந்தால் வண்ண மூடி நிரப்பும் வேலையை அவரிடம் கொடுத்துவிடலாம்.

ஏப்ரலில் பூட்டும்போது கிரேயான்களை ஓட்டுக் கூரைக்குக் கீழே பரணில் வைக்காதீர்கள், மே வெயிலில் உருகி ஒரே கட்டியாகிவிடும். தகர டப்பாவில் போட்டுத் தரையோரமாக வையுங்கள், தாள்களை மட்டும் கரையானுக்கு எட்டாத உயரத்தில். போஸ்டர் கலர் பாட்டிலின் வாயைத் துடைத்துவிட்டு மூடுங்கள், விளிம்பில் வண்ணம் காய்ந்தால் ஜூனில் மூடி திறக்காது. அடுத்த ஆண்டுக்கான களிமண்ணையும் மே மாதமே ஒரு சாக்கு எடுத்துக் காயவைத்துவிடுங்கள். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, தண்ணீர் வந்து குளம் நிரம்பிவிட்டால் அப்புறம் அடுத்த கோடைதான்.